தக்கை கழன்ற போத்தல்

பையை அடுப்படியில் கவிழ்த்தபோது முதலில் கத்தரிக்கோல் விழுந்தது. அப்புறம் நூல் சுருள், பஞ்சு, மடித்து வைத்த வெள்ளைத் துணிகள். கடைசியாக அந்தச் சின்னப் போத்தல் விழுந்து உருண்டு அம்மிக்கல்லில் முட்டி நின்றது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தக்கையைத் தேடினேன். பையின் மூலையில் நூலுக்குள் சிக்கிக் கிடந்தது.

துணிகளைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். ஆனால் அன்று காலையிலிருந்தே மழை. பை ஈரம், என் சேலை ஈரம், தலையில் போட்டிருந்த கம்பளியைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். எது மழைத் தண்ணீர், எது போத்தல் தண்ணீர் என்று துணியிடமா கேட்பது?

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஸ்டோரில் தேயிலை அரைக்கும் சத்தம் நிற்கவில்லை, என் வீட்டுக்காரர் வர நேரம் இருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்துக்கு முன்னால், இறந்த பிள்ளையின் தகப்பன் அந்தோணி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஊத்துனேன்" என்று பதில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஊற்றினேனா?

ஓட்டக்காரி

இலங்கை மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே, எங்கள் ஜனங்கள் பனிக்காடு என்று பெயர் வைத்திருந்த தோட்டத்தில் நான் மருத்துவச்சி. அந்த வேலைக்கு வந்த கதையை என் நினைவுக் குறிப்புகளில் முன்பே எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. தோட்டத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயர் ஓட்டக்காரி.

பிள்ளைப்பேறுக்கு மட்டும்தான் ஓடினேன் என்றில்லை. அரிசி வாங்க ஓடுவேன், பூசைக்கு ஓடுவேன், ஓடிப்போய் உட்கார்ந்து செபமாலையையும் ஓட்டமாகச் சொல்லி முடிப்பேன். "நீ செத்தா பொட்டியில படுக்க மாட்டே, எந்திரிச்சு முன்னால போயிருவே" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தச் சின்னப் போத்தல் எங்கள் கத்தோலிக்க வேதத்துக்காரர் மருத்துவச்சி மட்டும் சுமக்கிற சாமான். பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால், சாமியாருக்கு ஆள் அனுப்ப நேரம் இருக்காது. மருத்துவச்சியே தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, அந்த வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுத்தால் பிள்ளை நேரே மோட்சம் போகும். கொடுக்காவிட்டால் மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, இடையில் எங்கோ ஓரிடம் என்று அன்றைய ஞானோபதேசத்தில் படித்திருந்தோம்.

அந்த இடையிலுள்ள இடம் எங்கள் தோட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. வேதத்துக்காரரைப் புதைக்கும் சேமக்காலையைச் சுற்றி முள்வேலி. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வேலிக்கு உள்ளே, மந்திரித்த மண்ணில். பெறாத பிள்ளை வேலிக்கு வெளியே, தேயிலைச் செடிகளுக்குப் பக்கத்தில்.

உள்ளேயா வெளியேயா என்பதற்கு மருத்துவச்சியின் ஒரு வார்த்தை போதும். வேறு சாட்சி கேட்க மாட்டார்கள்.

அன்று நடந்தது

காலையில் மேல் பிரிவில் ஒரு பேறு. அது நல்லபடி முடிந்து கை கழுவும்போதே ஆள் வந்துவிட்டது. ஐந்தாம் லயத்து வரிசை வீட்டில் அந்தோணியின் பெண்சாதி மரியாயிக்கு வலி, மாதம் ஆகவில்லை. இரண்டு மைல் இறக்கம். மழை. கால் விரல் இடுக்கெல்லாம் அட்டை. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.

நான் போகும்போதே தலை தெரிந்தது. பிள்ளை வந்தது. நீலம் பாய்ந்த உடம்பு, மூச்சு இழை இழையாக. அதே நேரம் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. மரியாயி கண் சொருகிக் கிடந்தாள். எனக்கு இருப்பதோ இரண்டு கை.

பையில் கையை விட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் நினைவுக்கு வருவது, மரியாயியின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் உரக்கக் கத்தியது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை. வெள்ளைத் தாள்.

தாய் பிழைத்தாள். பிள்ளை போய்விட்டது. நான்கு பேர் மரியாயியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தோணி வாசல் இஸ்தோப்புத் தூணைப் பிடித்தபடி நின்றான்.

"தண்ணி ஊத்துனீங்களாம்மா?"

"ஊத்துனேன்."

அவ்வளவுதான். மறுநாள் பிள்ளை வேலிக்கு உள்ளே போனது. அந்தோணி கருப்பந்தேயிலை மரத்துக் கம்பு இரண்டை வைத்து ஒரு சிலுவை கட்டி நட்டான். அதில் பெயர் இல்லை. பெயரைப் பற்றி அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

பயம் வளர்ந்த விதம்

அந்த வருடங்களில் தோட்டத்தில் எல்லாருமே பயந்துகொண்டுதான் இருந்தோம். பிரஜாவுரிமைப் படிவம் நிரப்பும் காலம். எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய், உன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று காகிதம் கேட்டது. நரைத்த ஆட்கள்கூட என் வீட்டு வாசலில் வந்து நின்று, "நான் எப்பங்கம்மா பொறந்தேன்?" என்று கேட்பார்கள். நான் அந்தத் தோட்டத்துக்கு வந்தே பத்து வருடம் ஆகவில்லை. எனக்கென்ன தெரியும்?

ஒரு வார்த்தை பிசகினால் ஒரு குடும்பம் இந்தப் பக்கமா, கடலுக்கு அந்தப் பக்கமா என்று ஆகிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முள்வேலிதான் நினைவுக்கு வந்தது. நானும் வாயால் ஒரு வார்த்தை சொல்லி ஒரு பிள்ளையை உள்ளே வைத்துவிட்டேன்.

தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. ஒற்றையடிப் பாதையில் யாராவது வேகமாக இறங்கி வந்தால் கை தானாகப் பையைத் தேடும். ஒரு போத்தலுக்குப் பதில் மூன்று போத்தல் சுமந்தேன். தக்கை கழலாமல் இருக்க நூலால் கட்டினேன். நூலையும் நம்பாமல் மேலே மெழுகு உருக்கி ஊற்றினேன். ஒரு நாள் ஒத்திகை பார்க்கத் திறந்தபோது பல்லால் கடித்தும் திறக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார். நான் அழுதேன்.

இன்னும் வெட்கப்படத்தக்க ஒன்று உண்டு. சும்மா இருக்கட்டும் என்று, நல்ல திடமாகப் பிறந்த பிள்ளைகளின் தலையிலும் தண்ணீர் தெளித்து அந்த வார்த்தைகளை முணுமுணுக்கத் தொடங்கினேன். வேதத்துக்காரர் பிள்ளை, இந்துப் பிள்ளை என்று பார்க்கவில்லை. இரண்டாம் லயத்து இந்துக்காரி ராக்காயி மட்டும், தன் பிள்ளைக்கு நான் தெளித்ததைப் பார்த்துவிட்டாள்.

"என்னாங்கம்மா, புள்ள தலையில தண்ணி தெளிக்கிறீங்க? கண்ணேறு கழிக்கிறீங்களா?"

"ஆமா" என்றேன். இன்னொரு பொய்.

ஐந்தாம் லயத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து வரும் பாதை அந்த லயத்து வாசலை ஒட்டித்தான் வரும். நான் மேலே கவ்வாத்து வெட்டிய மலை வழியாக, முட்டி முறிய ஏறிச் சுற்றிக்கொண்டு போனேன். போக வேண்டி வந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவேன். ஓட்டக்காரி ஓடுவதை யார் வித்தியாசமாக நினைக்கப்போகிறார்கள்?

இழுப்புச் சாமியார்

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ரயிலேறித் தலவாக்கலைக்குப் பூசைக்குப் போவேன். அப்போது அங்கே எம்மானுவேல் சாமி என்று ஒருவர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். அவர் பேசும் தமிழ் எங்களுக்குப் பாதி விளங்கும், மீதியை மரியாதைக்காகத் தலையாட்டிக் கேட்போம்.

அவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மன்னிப்புக் கொடுத்தார். ரயில் வட்டகொடை வருவதற்குள் சரியாகச் சொல்லவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த மாதமும் சொன்னேன். அதற்கடுத்த மாதமும் சொன்னேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை, திரைக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது.

"அம்மா, வெளியில வந்து கதைப்பமோ? நீங்களாச் சொன்னால் நான் கேப்பன்."

கோயிலின் பின்கட்டில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. இப்போது இதற்கு ஆன்மிக வழிகாட்டல் என்று பெயர் வைத்து மூன்று நாள் வகுப்பு நடத்துகிறார்கள். அன்று எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு நாற்காலிதான். ஒன்று ஆடும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ராக்காயி பிள்ளை விசயம் வந்ததும் அவர் முகம் சிவந்தது.

"அந்தத் தாய் தகப்பனைக் கேட்டனீங்களோ? கேக்காமல் செய்ய நீங்கள் ஆர்? முதல்ல போய் அந்தப் பிள்ளையின்ர தாயிட்டைச் சொல்லுங்கோ."

பிறகு கொஞ்ச நேரம் மூச்சுக்குத் தவித்தார். மூச்சு வந்ததும் குரல் தணிந்திருந்தது.

"மற்றது, அந்தப் போத்தல் விசயம். அது பாவமில்லை அம்மா, பயம். பாவமெண்டால் மன்னிக்க எனக்கு அதிகாரம் தந்திருக்கினம். பயத்துக்கு நான் என்ன செய்யிறது? இனி அதைப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லக்கூடாது."

"அப்ப நான் என்னா செய்யணுங்க சாமி?"

"ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் சும்மா இருங்கோ."

"செபமாலை சொல்லிக்கிட்டு இருக்கலாங்களா?"

"வேண்டாம். அதையும் நீங்கள் ஓடி ஓடித்தான் சொல்லுவியள். சர்வேசுரனுக்கு முன்னால சும்மா இருங்கோ. பிள்ளைப்பேறுக்குக் கூப்பிட்டால் ஓடுங்கோ. மற்ற நேரம் நடவுங்கோ. ஆரும் கூப்பிட்டால் நில்லுங்கோ."

"சாமி மாதிரி மெதுவா நடக்க நமக்குப் பழக்கம் இல்லீங்க."

"நான் புண்ணியத்தில மெதுவா நடக்கேல்லை அம்மா. இழுப்பு" என்றார். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

ராக்காயியிடம் அதே வாரம் போய்ச் சொன்னேன். செருப்படி விழும் என்றுதான் போனேன். அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இருக்கட்டும் விடுங்கம்மா, ஒரு சாமிக்கு ரெண்டு சாமி பாத்துக்கிடும். ஆனா இனிமே கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள். அவள் பெருந்தன்மை எனக்கு வராது.

கால் மணித்தியாலம்

சும்மா இருப்பது அவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் உலை பொங்குகிறதோ என்று எழுந்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். ஓடும்போது பின்தங்கி வந்த பயமெல்லாம், நான் நின்றதும் வந்து பிடித்துக்கொண்டது. வேலி, சிலுவை, போத்தல், தக்கை.

"என்னா, வேலைநிறுத்தமா? சங்கத்துல சொல்லிட்டியா?" என்பார் என் வீட்டுக்காரர், ஸ்டோரிலிருந்து வரும்போது.

ஒவ்வொரு மாதமும் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்கவில்லை என்று சாமியாரிடம் புகார் சொன்னேன். "சரி, இருங்கோ" என்பார். அது மருந்தா, கைகழுவி விடுகிறாரா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நல்ல சாமியாராக இருந்தால் ஒரு நோன்பு, ஒரு நேர்ச்சை என்று ஏதாவது தரமாட்டாரா?

இப்படியே போய், பிள்ளை இறந்து ஒன்றரை வருடம் ஆனது. ஒரு ஞாயிறு வழக்கம்போலப் போத்தல் கதையைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"அம்மா, இவ்வளவு நாளும் தண்ணியைப் பற்றியே சொல்லுறியள். போத்தலைப் பற்றிச் சொல்லுறியள். பிள்ளையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

"பொம்பளப் புள்ளைங்க சாமி" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

எனக்குத் திட்டு வாங்கியது போல இருந்தது.

ஐந்தாம் லயம்

வட்டகொடையில் இறங்கியபோது மதியம் சாய்ந்திருந்தது. மழை இல்லை, மலைமுகட்டில் மட்டும் பனி. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றேன். மேல் மலை வழியாக ஏறப்போன கால் ஏனோ ஏறவில்லை. கீழ்ப் பாதையில் நடந்தேன். நடந்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஓடவில்லை.

மரியாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மருத்துவச்சியம்மா! வாங்கம்மா. எங்க லயத்துப் பக்கமே வர மாட்டேங்கிறீங்க."

ஆரும் கூப்பிட்டால் நில்லுங்கோ. நின்றேன். அவள் ஒரு சாக்கை உதறிப் போட்டாள். உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன். நீங்க தூரத்துல வர்றது தெரியும். கூப்பிடலாம்னு நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள போயிருவீங்க."

"கேளு மரியாயி."

"எம்புள்ளைக்கு என்னா பேரு வச்சீங்க?"

"பேரு சொல்லித்தானே தண்ணி ஊத்துவாங்க? பூசைக்குப் போனப்ப உபதேசியார் சொன்னாரு. பேரு தெரியாம அதுக்கிட்ட நான் என்னான்னு பேசுறது?"

மரியா என்று சொல்லியிருக்கலாம். தோட்டத்து வேதத்துக்காரப் பெண்களில் பாதிப் பேர் மரியாதான். அந்தப் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பழைய வேகத்தில் இருந்திருந்தால் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன், அந்தப் பொய்யோடு செத்தும் இருப்பேன். அந்தப் பெயரை விழுங்கினேன். அவளும் அவசரப்படுத்தவில்லை.

"தெரியாது மரியாயி" என்றேன். "ஊத்துனேன்னு அந்தோணிகிட்ட சொன்னேன். ஊத்துனேனான்னு எனக்கே தெரியல. வீட்டுல போய்ப் பாத்தா போத்தல் காலி, தக்கை கழண்டு கெடந்துச்சு. ஓடியாந்தப்ப கொட்டிருச்சா, நான் ஊத்துனேனா, தெரியல. அன்னைக்குப் புடிச்சு அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

சுளகு அப்படியே நின்றது.

"அப்ப எம்புள்ள வேலிக்கு உள்ள கெடக்குறது பொய்யா?"

"தெரியாது."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தோணியைக் கூப்பிடப் போகிறாள், லயமே கூடப்போகிறது என்று நினைத்தேன். கால் இரண்டும் ஓடத் துடித்தன. சாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் இருந்த கால் மணித்தியாலங்களில் அதுதான் மிக நீளம். உண்மையில் ஐந்து நிமிடம்கூட இருக்காது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தனியாகத்தான் வந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் பாக்கல. கண்ணு முழிச்சப்ப ஆஸ்பத்திரியில கெடந்தேன். ஒருத்தரும் எனக்கு ஒண்ணும் சொல்லல." சுளகை மறுபடி மடிக்கு இழுத்தாள். "உசுரோட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு கேத்தல் தண்ணி கொதிக்கிற நேரம் இருக்கும்."

"அழுதுச்சா?"

"அழல. முனகுச்சு. பூனைக்குட்டி மாதிரி."

"கண்ணு தொறந்துச்சா?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்த வெள்ளைத் தாளில் நான் தண்ணீரை மட்டும்தான் தேடினேன். அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையின் முகம் எனக்குத் திரும்பி வந்தது. என் இடது கையில் அதன் தலை. நெற்றி ஈரம். ஆனால் பிறந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் நெற்றி ஈரமாகத்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணை மட்டும் தெளிவாகப் பார்த்தேன்.

"தொறந்துச்சு மரியாயி. மொதல்ல ஒரு கண்ணு, அப்புறம் மத்தது. கதவு தொறந்து கெடந்துச்சுல்ல, அந்தப் பக்கம் பாத்துச்சு. வெளிய மழை ஊத்திக்கிட்டு இருந்துச்சு."

மரியாயி வாசலைப் பார்த்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

"அப்ப மழையப் பாத்துருக்கு" என்றாள்.

நானும் அழுதேன். ஒன்றரை வருடமாக என் பயத்துக்காக அழுதிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்காக அன்றுதான் அழுதேன்.

பிறகு அவள் சுளகை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"கையில வச்சிருந்தது நீங்கதானே. நீங்களே ஒரு பேரு வைங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"திடீர்னு கேட்டா எனக்கு எப்படி..."

"அவசரம் இல்லங்கம்மா. தேத்தண்ணி வைக்கிறேன். இருந்து, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

உள்ளே கேத்தலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது கொதிக்க எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரமும் நான் அந்தச் சாக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பெயரைச் சொன்னேன்.